எச்சிஸென் பட்டறைகளில் கேமராவோடு: குழுப் பயணம் பற்றிச் சில ஆண்டு அனுபவம்

ஜப்பானியக் கைவினைப் பட்டறைகளைப் படமெடுக்கக் குழுவாகப் போவது பயன் தருமா என்று டோக்கியோவில் இருக்கும் நம்மவர்களும், ஊரிலிருந்து வர நினைப்பவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். சில ஆண்டுகளாக இப்படிப் போய் வருகிறேன். பயன் தரும். ஆனால் குழு சிறியதாக இருக்க வேண்டும், போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கிக்கொள்ளலாம்.

நாங்கள் போவது ஃபுகுயி மாகாணத்தின் எச்சிஸென் வட்டாரம். கியோட்டோ, கனாஸாவா என்று எல்லாரும் போகும் இடங்களை விட்டு இதைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. கைத்தாள், அடித்து உருவாக்கும் கத்தி, அரக்குப் பாத்திரம், மண்பாண்டம், மரப்பெட்டி என்று ஐந்து தொழில்கள் இங்கே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடக்கின்றன. ஐந்துமே 1974-இல் வந்த கைவினைச் சட்டத்தின்கீழ் அரசு அங்கீகாரம் பெற்றவை. நாடு முழுக்க அப்படி 240-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. ஐந்து ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். 2024 மார்ச்சில் ஹொகுரிகு ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதை த்ஸுருகா வரை நீண்ட பிறகு, டோக்கியோவிலிருந்து எச்சிஸென்-தகெஃபு நிலையத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். ஒரு வழிக்கு 15,000 யென்னுக்கு மேல் ஆகும்.

இதற்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் புகைப்படப் பயணத்தில் போயிருக்கிறேன். இருபது பேருக்கு மேல் ஒரு பேருந்தில். ஒரு பட்டறைக்கு முக்கால் மணி நேரம். கைவினைஞரைச் சுற்றி அரைவட்டமாக நின்று எல்லாரும் ஒரே கோணத்தில் ஒரே கையை எடுத்தோம். வழிகாட்டி “இன்னொரு முறை செய்து காட்டுங்கள்” என்று கேட்க, அவரும் பொறுமையாகச் செய்து காட்டினார். அன்றைக்கு அவர் வேலை பார்க்கவே இல்லை, வேலையை நடித்துக் காட்டினார். படங்களிலும் அது தெரிந்தது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. நாம் வந்ததால் ஒருவருடைய வேலை நின்றுபோனது.

அந்தப் பேருந்தில் அறிமுகமான சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் இப்போதைய குழு. ஓய்வுபெற்ற ஜப்பானியர்கள், கோவையிலிருந்து வந்து டோக்கியோவில் இருக்கும் ஒரு தம்பி, நான், அப்புறம் அவ்வப்போது சேர்பவர்கள். எட்டுப் பேருக்கு மேல் விடுவதில்லை. ஒரு நாளுக்கு ஒரே பட்டறை. உள்ளே ஒரு நேரத்தில் மூன்று பேர். மற்றவர்கள் வெளியே ஊரை, ஓடையை, காயப்போட்ட மரப்பட்டையை எடுக்கலாம். முதல் ஒரு மணி நேரம் யாரும் கேமராவைத் தொடுவதில்லை. பட்டறைக்குக் கட்டணம் உண்டு, முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம். ஃப்ளாஷ், ட்ரைபாட் இரண்டும் கிடையாது. புதிதாக வருபவர்களுக்கு இந்த ஒரு மணி நேர விதிதான் கசக்கிறது. மாலையில் படங்களைப் பார்க்கும்போது அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

ஏன் அந்த ஒரு மணி நேரம் என்பதற்குத் தாள் பட்டறையைச் சொல்கிறேன். பழைய இமதாத்தே பகுதியில் ஐந்து சிற்றூர்கள், 1,500 ஆண்டுத் தாள் மரபு. அங்கே தாள் தெய்வத்துக்கே கோயில் இருக்கிறது, ஒகமோட்டோ ஒதாகி. 1843-இல் கட்டிய அதன் கூரை அடுக்கடுக்காகப் பாயும். அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். தாள் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது, மூங்கில் பாய் விரித்த சட்டத்தைத் தொட்டியில் முக்கி, முன்னும் பின்னும் ஆட்டும் காட்சி. அழகான காட்சிதான். ஆனால் தாளின் தரத்தில் பாதி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

காகித மல்பெரியின் உள்பட்டையை அவித்து, ஓடும் குளிர்ந்த நீரில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்கு, முடிச்சு, வடு எல்லாவற்றையும் விரலால் கிள்ளி எடுக்கிறார்கள். பனிக்காலத்தில், குனிந்த தலை நிமிராமல், மணிக்கணக்கில். ஒரு துணுக்கு தப்பினால் தாளில் அது ஒரு புள்ளி. நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறையில் இந்த வேலையைச் செய்யும் பெரியம்மாவிடம் யாரும் கேமராவைத் திருப்பியதே இல்லையாம். நீரில் ஊறிச் சிவந்த விரல்நுனி, நாரைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு நொடி, வடக்குச் சாளரத்திலிருந்து வரும் மென்மையான ஒளி. என்னிடம் உள்ள நல்ல படங்களில் பாதி அந்த மூலையில் எடுத்தவை.

அடுத்தது தொட்டி. நாரோடு தொரொரோ-அஓயி என்ற செடியின் வேரிலிருந்து எடுத்த வழவழப்பான சாற்றைக் கலக்கிறார்கள். வெண்டைக்காய்க்கு நெருங்கிய உறவுச் செடி அது. அந்த வழவழப்பு நீளமான நார்களை நீரில் பரவலாக மிதக்கவிடுகிறது, பாயிலிருந்து நீர் மெதுவாக இறங்குகிறது. வெப்பம் ஏறினால் வழவழப்பு குறைந்துவிடும். குளிர்காலத் தாளுக்கு மதிப்பு அதிகம் என்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் சட்டத்தை எடுப்பதை விட்டு, சட்டத்தின் மேல் ஓடும் அலையை எடுக்கிறேன். 1/15 நொடியில் கை அசைவு கரைந்து, அலையின் விளிம்பு மட்டும் தெரியும். பிறகு ஈரத் தாள்களை அடுக்கி, அழுத்தி நீர் வடித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து மரப்பலகையில் ஒட்டிக் காயவைக்கிறார்கள். அந்தப் பிரிக்கும் வேலையின்போது யாரும் பேசக்கூடாது என்பது எங்கள் விதி, அவர்கள் கேட்டதல்ல.

கத்திப் பட்டறை இதற்கு நேர் எதிர். சத்தம், புகை, பொறி. தகெஃபு நைஃப் வில்லேஜில் பார்வையாளர் மேலே நின்று பார்க்க வழி இருக்கிறது, முதல் முறை போகிறவர்களுக்கு அது போதும். இரும்பின் நிறத்தை வைத்தே சூடு கணிப்பதால் உலை அருகே இருட்டாக வைத்திருப்பார்கள். கவனிக்க வேண்டியது, இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இயந்திரச் சம்மட்டியின் கீழ் சேர்த்து அடிக்கும் முறை. சேர்ந்திருப்பதால் சூடு சீக்கிரம் ஆறாது, இரண்டும் சீராக விரியும். அடி விழும் இடைவெளியில் அவற்றைப் புரட்டும் இடுக்கியின் தாளத்தைக் காதால் பழகிக்கொண்டால் எப்போது அழுத்துவது என்று தானாகத் தெரியும்.

இன்னொன்று. கிழக்கு ஜப்பானில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. குழல்விளக்கு அதற்கேற்பத் துடிக்கும். டோக்கியோவில் குழல்விளக்கின் கீழ் ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வைத்துப் பழகியவர்கள் ஃபுகுயியில் 1/60 அல்லது 1/125 வைக்க வேண்டும், இல்லையென்றால் படத்தில் பட்டை பட்டையாக விழும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் இது இன்னும் மோசம். சாணை பிடிக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது. காற்றில் இருப்பது இரும்புத் தூள்.

அரக்குப் பட்டறைகளுக்கு சபாயேவின் கவாதா பகுதிக்குப் போகிறோம். கடைசிப் பூச்சு நடக்கும் அறைக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள், கேட்கவும் கூடாது. நம் உடையிலிருந்து விழும் ஒரு நூலிழை போதும், பூச்சு வீணாகிவிடும். அரக்கு காய்வது வறண்ட காற்றில் அல்ல, ஈரப்பதத்தில்; அதனால் ஈரம் காக்கும் அலமாரிக்குள் கிண்ணங்கள் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும், பூச்சு ஒரு பக்கம் வழிந்துவிடாமல் இருக்க.

கருவி விஷயத்தில் இத்தனை நாளில் நிலைத்தது ஒரு கேமரா, ஒரு 35 மி.மீ. லென்ஸ், மடித்த துணி. பெரிய ஜூம் எடுத்து வந்தவர்கள் எல்லாரும் அடுத்த பயணத்தில் அதை வீட்டில் வைத்துவிட்டார்கள். இடுக்கமான பட்டறையில் அதைத் தூக்கிக்கொண்டு திரும்புவதே கஷ்டம்.

மிகவும் பலன் தந்தது ஒவ்வொரு முறையும் முந்தைய பயணத்தின் படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான். தாள் பட்டறைக்கு அவர்களுடைய தாளிலேயே அச்சிட்டோம். அதற்கப்புறம் எங்களுக்காக யாரும் நடித்துக் காட்டுவதில்லை. வாருங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

குறை என்று பார்த்தால், தேதி நம் கையில் இல்லை. அவர்களுக்கு ஆர்டர் நெருக்கினால் பயணம் தள்ளிப்போகும். ஊரிலிருந்து விடுப்பெடுத்து வருபவர்களுக்கு இது பெரிய சிக்கல். குழுவில் ஒருவராவது நன்றாக ஜப்பானிய மொழி பேச வேண்டும். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் சிரமம்தான். இந்த ஊரின் முள்ளங்கித் துருவல் போட்ட சோபா நூடுல்ஸில்கூட மீன் சீவல் தூவியிருக்கும், குழம்பும் மீன் வடிநீரில்தான். கோவைத் தம்பிக்காக ஒருநாள் எய்ஹெய்ஜி மடத்துப் பக்கம் போய்விடுவோம். அந்தப் பக்கம் எள் தோஃபு கிடைக்கும், மடத்துச் சைவ உணவு கிடைக்கும். “அண்ணா, இதுக்காகவே வரலாம்” என்பான்.

ஒரே முறைதான் வர முடியும் என்றால் அக்டோபரில் வாருங்கள். 2015-லிருந்து ‘ரெனியூ’ என்ற பெயரில் இந்த வட்டாரப் பட்டறைகள் கதவைத் திறந்து வைக்கின்றன; தனியாளாகவே போகலாம், குழு தேவையில்லை. தாள்தான் முக்கியம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. பனிக்காலணி கட்டாயம், மாற்று பேட்டரியைச் சட்டை உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவின் அடுத்த எண்ணம் வஜிமா. 2024 புத்தாண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் அந்த அரக்கு நகரம் நிறைய இழந்தது, தற்காலிகக் கட்டடங்களில் வேலை தொடர்ந்தது. அங்கே முதல் பயணத்தில் கேமரா எடுத்துப்போவதில்லை, பாத்திரம் வாங்கிக்கொண்டு பேசிவிட்டு வருவது என்று முடிவு செய்திருக்கிறோம்.