தூங்குகிற டி டிரைவ்: எஸ்எஸ்டியோடு பழைய ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து ஓட்டுகிற அனுபவம்

தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பன் போன் போட்டுக் கேட்டான்: "மக்கா, எஸ்எஸ்டி போடப் போறேன். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழத்திரணுமா, இல்ல அதுவும் உள்ள கிடக்கட்டுமா?" எஸ்எஸ்டி என்றால் சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற வேகமான டிஸ்க். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் காலையில்தான் என் கடையில் இருக்கிற பழைய ஹார்டு டிஸ்க் என் பொறுமையைச் சோதித்திருந்தது. போனில் சொன்னால் திட்டுதான் வரும் என்று, எழுதியே அனுப்புவதாகச் சொல்லிவிட்டேன்.

என் கடை குளச்சலில். டிடிபி வேலை. கல்யாணக் கார்டு, அசன (சர்ச் விருந்து) நோட்டீஸ், கொடைவிழா நோட்டீஸ், அப்புறம் ராத்திரி பகல் பார்க்காமல் வரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கம்ப்யூட்டருக்குள் இருப்பவை இரண்டு. விண்டோஸ், கோரல்டிரா, போட்டோஷாப் எல்லாம் இருக்கிற 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கேபிள் இல்லாமல் நேராக மதர்போர்டில் சொருகுகிற வகை) ஒன்று; அது சி டிரைவ். முந்தின கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி மாட்டிய 1 டிபி சாட்டா (கேபிளில் இணைக்கிற வகை) ஹார்டு டிஸ்க் இன்னொன்று, அது டி. 2011-ல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி ஹார்டு டிஸ்க் விலை கண்டபடி ஏறிக் கிடந்ததே, அது ஓரளவு இறங்கியதும் வாங்கியது. இன்னும் ஓடுகிறது. அதுதான் பிரச்சினையே. செத்துப்போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

எஸ்எஸ்டியின் வேகத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். நேராக எரிச்சலுக்கு வருகிறேன்.

போஸ்டர் வேலை என்றால் ஆட்கள் எதிரில்தான் நிற்பார்கள். துக்க வீட்டிலிருந்து வந்தவர்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ வாங்கி, பின்னணியை வெட்டி, பெயர், பிறப்பு, இறப்பு, அடக்க ஆராதனை நேரம் எல்லாம் போட்டு, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி, "சரி, சேவ் பண்ணிருங்க" என்று அவர்கள் சொன்னதும் சேவ் ஆஸ் கொடுப்பேன். திரை வெளுத்துப் போகும். மேலே "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வரும். காலடியில் கேபினெட்டுக்குள் மெல்ல ஒரு இரைச்சல் கிளம்பி, ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் சமனாகும். பிறகு "டிக்" என்று ஒரு சத்தம். அதற்கு அப்புறம்தான் சேவ் பெட்டி திறக்கும். இத்தனைக்கும் நான் சேவ் பண்ணப் போவது சி டிரைவில். டி டிரைவை யாரும் கூப்பிடவே இல்லை!

வினாடிக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுது களைத்த முகத்தோடு நிற்கிற ஒருவர் முன்னால் உறைந்த திரையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த வினாடிகள் சும்மா போவதில்லை. "என்ன அண்ணா, அழிஞ்சு போச்சா?" என்று கேட்பார்கள்.

ஏன் இப்படி என்றால், விண்டோஸில் பேலன்ஸ்டு பவர் பிளான் போட்டிருந்தால், 20 நிமிடம் யாரும் தொடாத ஹார்டு டிஸ்க்கின் மோட்டாரை அது நிறுத்திவிடும். எஸ்எஸ்டி வந்த பிறகு டி டிரைவை அடிக்கடி தொட வேண்டிய தேவையே இல்லை; ஆக, எஸ்எஸ்டி இல்லாத காலத்தில் தூங்காத டிஸ்க், எஸ்எஸ்டி வந்த பிறகு நாள் முழுக்கத் தூங்கி விழுகிறது. சேவ் பெட்டி திறக்கும்போது இடது பக்கத்தில் டிரைவ்கள், பின் பண்ணிய ஃபோல்டர்கள் என்று ஒரு பட்டியல் காட்டுகிறது அல்லவா, அதில் டி டிரைவின் ஃபோல்டர் ஒன்று இருந்தாலும் போதும், அங்கே என்ன இருக்கிறது என்று விசாரிக்கப் போய்விடும். தட்டுகள் நின்ற நிலையில் இருந்து நிமிடத்துக்கு 7200 சுற்றுக்கு ஏறி, படிக்கிற ஹெட் வெளியே வந்து, பதில் சொல்கிற வரைக்கும் மற்ற எல்லாம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ரீசைக்கிள் பின்னைத் திறந்தாலும் இதே கதை. ஒவ்வொரு டிரைவிலும் அதற்கென்று ஒரு ஒளிந்த ஃபோல்டர் இருப்பதால் எல்லா டிரைவையும் தட்டி எழுப்பும். ஒரு வினாடியில் மூவாயிரம் எம்பி படிக்கிற எஸ்எஸ்டியை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டில் தூங்குகிற வாட்ச்மேன் எழுந்து சாவி தேடுகிற வரைக்கும் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கிற கார்க்காரன் நிலைமை.

இதற்கு வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஹார்டு டிஸ்க் என்று போய் 20-ஐ 0 ஆக்கினால் "நெவர்" என்று மாறிவிடும். குவிக் ஆக்சஸில் (அந்த இடது பக்கப் பட்டியல்தான்) டி டிரைவ் ஃபோல்டர் ஒன்றுகூட இல்லாமல் எடுத்துவிட வேண்டும். இரண்டையும் செய்தேன். சில மாதம் நிம்மதி. பிறகு ஒருநாள் பழைய இரைச்சல் மறுபடி கேட்டது. போய்ப் பார்த்தால் 20 திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்டேட் மாற்றியதா, வேலைக்கு வரும் தம்பி பவர் பிளானைத் தட்டிவிட்டானா, யாருக்குத் தெரியும். மறுபடி 0. சில டிஸ்க்குகள் இதற்கும் அடங்காது. விண்டோஸ் சும்மா இருந்தாலும் தன் சொந்தக் கணக்கில் ஹெட்டை ஓரம் கட்டித் தூங்கப் போகும். அதற்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற, டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் மென்பொருளில் ஏபிஎம் (டிஸ்க்கின் மின்சேமிப்பு) என்று ஒரு செட்டிங் இருக்கிறது. பல டிஸ்க்குகளில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் அதுவும் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதால், அந்த மென்பொருளையே ஸ்டார்ட்டப்பில் போட வேண்டியிருக்கிறது. வேகத்துக்காக எஸ்எஸ்டி வாங்கியவன், பழைய டிஸ்க் தூங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருளைக் காவலுக்கு வைத்திருக்கிறேன்!

இனி ரிப்பேர் கதை. என்விஎம்இயை நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் கடையில் போட்டேன். பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்காமலே விண்டோஸ் ஏற்றிவிட்டார்கள். பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு விண்டோஸ் இருந்ததால், அதை எழுப்புகிற பூட் கோப்புகளுக்காகத் தனியாக ஒதுக்கிய 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனும் இருந்தது. புது விண்டோஸ் எஸ்எஸ்டிக்குப் போனது. அதை எழுப்புகிற பூட் கோப்புகள் மட்டும் பேசாமல் அந்தப் பழைய பார்ட்டிஷனிலேயே போய் உட்கார்ந்துவிட்டன. யாருக்கும் தெரியவில்லை. ஒரு மழைக்காலத்தில் பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிள் மக்கர் பண்ண, கம்ப்யூட்டர் விண்டோஸுக்குப் போகாமல் நேராக பயாஸ் செட்டிங் திரையில் போய் நின்றது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று அதே கடையில் சொன்னார்கள். புதுசு போட விலையும் சொன்னார்கள். எஸ்எஸ்டிக்கு ஒன்றும் இல்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியிலேயே சின்னதாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒதுக்கி, விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, பூட் கோப்புகளைப் புதிதாக எழுதுகிற பிசிடிபூட் என்கிற கட்டளையைக் கொடுத்ததோடு முடிந்தது. அதைச் செய்து தந்தது வேறு ஒரு பையன்; டீ மட்டும்தான் குடித்தான்.

அந்தக் கேபிள் ஏன் கெட்டது என்றால், குளச்சலில் எதுதான் கெடாது? கடல் காற்றில் ஷட்டர் துருப்பிடிக்கும், கேபினெட் ஸ்குரூ துருப்பிடிக்கும். பழைய டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால் மேல் மூடியில் ஒரு சின்ன ஓட்டை, பக்கத்தில் "இதை மூடாதே" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த ஓட்டை. அடியில் ஃபில்டர் உண்டு. எஸ்எஸ்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, மூச்சு விட வேண்டியது இல்லை. கேபிள் பிரச்சினையைக் கண்டுபிடிப்பதும் எளிது: கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி7 என்ற வரியில் சிஆர்சி பிழை (தரவு வழியில் சிதைந்த) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகு அந்த எண் குறையாது, மேலே ஏறாமல் நின்றால் போதும். பயப்பட வேண்டிய வரி சி5; படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார் (தட்டில் இருக்கும் சின்னத் துண்டு) கணக்கு அது. என் டிஸ்க்கில் அது இன்றுவரை பூஜ்யம்தான். சனியன் அவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது.

திட்டி முடித்தாயிற்றா என்றால், நியாயத்தையும் சொல்ல வேண்டும். எழுத்துருக்களை எல்லாம் டி டிரைவில் வைத்து, எழுத்துரு மேலாளர் மூலம் அங்கிருந்தே ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் கோரல் திறக்க யுகம் ஆகும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் வினாடிக்கு 120; ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி வினாடிக்கு மேல். ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி கோப்புகளுக்கு ஒவ்வொரு தடவையும் ஹெட் ஓடி, தட்டு சுற்றி வரும் வரை நிற்க வேண்டும். எழுத்துருவைச் சி டிரைவுக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. இது டிஸ்க்கின் குற்றம் இல்லை. அதற்குக் கொடுக்கக் கூடாத வேலை. பெரிய கோப்பை ஒரே இழுப்பில் எழுதச் சொல்லுங்கள், வினாடிக்கு நூறு எம்பிக்கு மேலேயே இன்றும் எழுதுகிறது. ஃபிளெக்ஸ் கோப்புகளை வேலை முடிந்ததும் அங்கே தள்ளிவிடுவேன். எழுதுவது பின்னணியில் நடக்கும், யாரும் காத்திருக்க வேண்டாம்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்றும் இருக்கிறது. அந்தத் தம்பி ஒருமுறை இடம் பண்ணுகிறேன் என்று டி டிரைவில் ஒரு கோவில் கொடைவிழா மலர் ஃபோல்டரை ஷிஃப்ட் டெலிட் கொடுத்துவிட்டான். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டியது. ரெகுவா என்கிற மீட்பு மென்பொருளைப் போட்டுத் தேடினேன். ஒன்று விடாமல் வந்தது. ஹார்டு டிஸ்க்கில் அழிப்பது என்றால் பட்டியலில் இருந்து பெயரை எடுப்பது மட்டும்தான். மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை பொருள் அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியில் இதே காரியம் நடந்திருந்தால் 'இந்த இடம் காலி' என்கிற டிரிம் கட்டளை போய், கன்ட்ரோலர் துடைத்து எடுத்திருக்கும். விழாக் கமிட்டிக்காரர்களிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம் பழைய கோப்புகள். பேஜ்மேக்கர் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தவை முதல் எல்லாம் டி டிரைவில்தான். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்த பிறகு, கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத அந்த டிசம்பரில் போட்ட போஸ்டர்கள் ஒரு ஃபோல்டராகக் கிடக்கின்றன. நினைவு நாள் வரும்போது அந்த வீடுகளில் இருந்து இன்றும் யாராவது வருவார்கள். "அண்ணா, அந்த போட்டோ உங்ககிட்ட இருக்குமா, எங்க போன் போயிருச்சு." இருக்கும். அந்த ஃபோல்டரைத் திறக்கும்போதும் டிஸ்க் தூங்கித்தான் கிடக்கும். அப்போது மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை.

இதற்கெல்லாம் வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் நகல் இருக்கிறது, வீட்டில் வைத்திருக்கிறேன். ஒரே டப்பாவுக்குள் இரண்டு டிஸ்க் இருப்பதை பேக்கப் என்று நினைக்கிறவர்கள், ஐப்பசி மாதத்து இடி ஒன்று கரண்ட் லைனில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஒன்றுதானே.

சரி, தக்கலைக்காரனுக்குப் பதில். இவ்வளவு சொன்ன பிறகு "உள்ளேயே கிடக்கட்டும்" என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். இல்லை மக்கா, கழற்று. உன் கடை ஜெராக்ஸ் கடை. ஆதார் பிரிண்ட்டுக்கும் பட்டா சிட்டாவுக்கும் பத்து வருஷத்துப் பழைய கோப்பு தேவைப்படாது. வரிசையில் ஆள் நிற்கும்போது திரை வெளுத்தால் உனக்கு என்னைவிடக் கோபம் வரும். உன் குணம் எனக்குத் தெரியும். எஸ்எஸ்டி மட்டும் உள்ளே இருக்கட்டும். பழையதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு, தேவையானபோது மட்டும் சொருகு.

"அப்போ நீ ஏம்டே கழத்தல?" என்று கேட்பாய். என்னுடையது உள்ளேதான் இருக்கும். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன், ஆனாலும் கழற்ற மாட்டேன்.

ஒன்று மட்டும் கவனி. எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்றும் முன்னால் பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கச் சொல்; பக்கத்தில் நின்று பார். கேஸ் வாங்கும்போது 12 வோல்ட் அடாப்டரோடு வருகிற மூன்றரை இஞ்ச் கேஸாகக் கேட்டு வாங்கு. லேப்டாப் டிஸ்க்குக்கான சின்னக் கேஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதில் உன் டிஸ்க் நுழையக்கூட நுழையாது.