சிவப்பு அட்டையை நீலமாக்கித் தருவதாகச் சொல்லி 6,500 வெள்ளி வாங்கி ஏமாற்றினார்கள்

நேற்றுப் பிற்பகல் மலேசியாவின் சிரம்பான் நகரில் உள்ள தேசியப் பதிவு இலாகாவின் முகப்பிடத்தில் இருந்த அதிகாரி, என் அம்மாவின் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த எண்ணில் குடியுரிமை விண்ணப்பம் எதுவும் வந்ததே இல்லை என்றார். பதினான்கு மாதங்களாகக் காத்திருக்கிறோம். தரகனிடம் கட்டிய பணம் 6,500 வெள்ளி (ரிங்கிட்). பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் சிவப்பு அட்டையோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை; குடிமக்களுடையது நீலம்) வாழும் பெரியவர்களின் பிள்ளைகளாவது விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, நடந்ததையும் முறையாக விண்ணப்பிக்கும் வழியையும் எழுதுகிறேன்.

அம்மா 1953-இல் இங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். சுதந்திரத்துக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்கள், கடைசி ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டுகளாவது நாட்டில் வாழ்ந்து, நன்னடத்தையும் அடிப்படை மலாய் அறிவும் உடையவர்களாக இருந்தால், அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவின்படி பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். அம்மா கேட்காமலே இருந்ததற்குக் காரணம் பயம்தான். சந்தையில் மலாய் பேசிப் பேரம் செய்கிறவர், நேர்காணலில் அதிகாரியின் எதிரே உட்கார்ந்தால் வாய் வராது என்று நாற்பது ஆண்டுகளாக அஞ்சினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே எங்களை வளர்த்தவர் ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை.

அந்தப் பயத்தைத்தான் அந்தத் தரகன் விலைக்கு வாங்கினான். கடைவரிசையின் மாடியில் 'ஆவண உதவிச் சேவை' என்று பலகை மாட்டிய அலுவலகம் அது. அம்மாவைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்தத் தோட்டம் என்று கேட்டு, தன் தாயாரும் பால் வெட்டியவர்தான் என்றான். பிறகு, "நேர்காணலே வராம நான் பாத்துக்கிறேம்மா, உள்ளே நம்ம ஆளு இருக்காரு" என்றான். அம்மாவின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்த பிறகு எனக்கு வேறு கேள்வி எழவில்லை. அன்றே 3,000 வெள்ளி கொடுத்தேன். கோப்பு நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்குப் போக வேண்டும் என்று இரண்டு வாரத்தில் இன்னும் 3,500 வெள்ளி வாங்கினான். சரிபார்க்க வேண்டும் என்று அம்மாவின் அசல் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டான்.

அதன்பின் கேட்ட போதெல்லாம் ஒரு சாக்கு: அதிகாரி மாற்றலாகிவிட்டார், நோன்புப் பெருநாள் விடுமுறை, கையெழுத்து மட்டும் பாக்கி. விண்ணப்ப எண்ணைக் கேட்டதற்கு, இப்படி நச்சரித்தால் கோப்பை அடியில் போட்டுவிடுவார்கள் என்று என்னையே மிரட்டினான். இன்று காலை போனேன். மாடியில் பூட்டு தொங்குகிறது, கைப்பேசி அணைந்திருக்கிறது. பணத்தைவிட அந்தப் பிறப்புப் பத்திரம்தான் நெஞ்சை அறுக்கிறது. பதிவேட்டிலிருந்து அதன் நகலைப் பெற இனி தனியாக அலைய வேண்டும்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. விண்ணப்பத்தை நீங்களே இலாகாவின் முகப்பிடத்தில் கொடுங்கள். கட்டணத்தை அங்கேயே கட்டி, அவர்களுடைய ரசீதை வாங்குங்கள். அசல் பத்திரங்களை எந்தத் தரகரிடமும் விடாதீர்கள். நேர்காணல் இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்பவனிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். அதே மாடியில் பணம் கட்டியவர்கள் இருந்தால் உடனே போலீஸில் புகார் செய்யுங்கள். அவன் எழுதித் தந்த, முத்திரையில்லாத 6,500 வெள்ளித் துண்டுச் சீட்டோடு நானும் அம்மாவும் இப்போது போலீஸுக்குத்தான் கிளம்புகிறோம்.