ஆறு வருஷத்தில் மூன்று செட் பிளேடு

கோவை கணபதியில் எங்களுடையது சின்ன மோல்டிங் பட்டறை. சப்மெர்சிபிள் பம்புக்கான இம்பெல்லர், டிஃப்யூசர்களைக் கண்ணாடி இழை கலந்த நோரில் என்ற பிளாஸ்டிக்கில் அடிக்கிறோம். மிச்ச நேரத்தில் பிபி (பாலிபுரொப்பிலீன்) மூடிகள். ரன்னரையும் (அச்சில் பிளாஸ்டிக் ஓடும் வழியில் மிஞ்சும் தண்டு) ரிஜெக்ட் பீஸையும் அரைக்க 10 எச்பி கிரைண்டர் ஒன்று ஆறு வருஷமாக ஓடுகிறது. சுழலும் ரோட்டரில் மூன்று பிளேடு, அசையாத பெட்டில் இரண்டு. முதல் செட் 14 மாசத்தில் போய்விட்டது. இப்போது ஓடும் மூன்றாவது செட்டுக்கு மூன்றாவது வருஷம் நடக்கிறது. அன்றும் இன்றும் அதே டி2 என்ற டூல் ஸ்டீல்தான். சாணைக்கு அனுப்பும் நேரத்தைத்தான் மாற்றினோம்.

முதல் செட்டில் சாணைக் கூலி மிச்சம் என்று எண்ணி, மெஷின் முனகும்வரை ஓட்டினோம். மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். அரைத்த சரக்கை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் ஒவ்வொரு துண்டிலும் நூல் மாதிரி வால் நீண்டிருக்கும். ஊதினால் மாவு பறக்கும். அந்த மாவு மோல்டிங் மெஷினின் சூடான பேரலுக்குள் போய்க் கருகி, பீஸில் கரும்புள்ளியாக வந்தது. பிபி சூட்டில் இளகிச் சல்லடைக் கண்களை அடைத்தது.

சாணை பிடிக்கும் அண்ணன்தான் பிளேடை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துக் காட்டினார். கூரான முனையில் வெளிச்சம் நிற்காது. மழுங்கியதில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். "ஏனுங்க, கோடு தெரியறப்பவே கொண்டாந்தா கால் மில்லி எடுத்தாப் போதும். பல்லு விழுந்த பொறவு வந்தா ஒன்றரை மில்லி போயிருமுங்க" என்றார். எங்கள் பிளேடில் சாணைக்கென்று இருப்பதே எட்டு மில்லிமீட்டர்தான். முதல் செட் ஐந்தே சாணையில் தீர்ந்த கணக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்போது ஆம்மீட்டரைப் பார்த்து முடிவெடுக்கிறோம். கூராக இருக்கும்போது பிபி அரைத்தால் 8, 9 ஆம்பியர் காட்டும். அதே சரக்கை அதே வேகத்தில் போட்டும் 11 தொட்டால் அன்றே கழற்றிவிடுவோம். மோட்டாரின் முழு லோடு 14 ஆம்பியர், அதுவரை விடுவதில்லை. நோரில் அதிகம் ஓடினால் மாசம் ஒரு சாணை, ஏனென்றால் கண்ணாடி இழை முனையைத் தேய்த்துத் தின்றுவிடும். பிபி மட்டும் என்றால் இரண்டு மாசம் தாங்கும்.

சாணைக் கடையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு முறை அவசரத்துக்கு வேறிடத்தில் கொடுத்தோம். கூலன்ட் விடாமல் இழுத்திருக்கிறார்கள். முனையோரம் நீலம் பாய்ந்து வந்தது. சூட்டில் டெம்பர், அதாவது ஸ்டீலின் கடினம், இறங்கிவிட்டது, ஒரு வாரத்தில் முனை மடங்கியது. மூன்று ரோட்டர் பிளேடையும் ஒரே அளவுக்கு எடுக்கச் சொல்வதும் முக்கியம். எடை மாறினால் ரோட்டர் உதறும், பேரிங் போய்விடும்.

மாட்டும்போது நேர்ந்த ஒன்றை மறக்கவே முடியாது. இரண்டாவது செட்டில் ஒரு நாள் பிளேடு உட்காரும் இடத்தைச் சரியாகத் துடைக்கவில்லை. அடியில் ஒரு பிளாஸ்டிக் செதில் சிக்கியிருந்தது. போல்ட் இறுகின மாதிரிதான் இருந்தது. ஓட ஓடச் செதில் நசுங்கி, போல்ட் தளர்ந்து, ரோட்டர் பிளேடு பெட் பிளேடில் மோதியது. அந்தச் சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்களே ஓடிவந்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய நிம்மதி.

அதன்பின் உட்காரும் இடத்தை வெறும் விரலால் தடவிப் பார்க்காமல் பிளேடு வைப்பதில்லை. போல்ட் அதிக வலுவுள்ள 12.9 கிரேடு மட்டும், இறுக்குவது முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில். முதலில் மூன்று ரோட்டர் பிளேடையும் ஒரே நீட்டத்துக்கு வைத்து, பிறகு பெட் பிளேடை நகர்த்தி 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் விட்டுப் பார்த்து, ரோட்டரைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுவோம். ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கம் பார்ப்போம்.

கழற்றும்போது மெயினை அணைத்துப் பூட்டி, சாவி வேலை செய்பவர் பையில் இருக்க வேண்டும். ரோட்டருக்கு மரக்கட்டை ஆப்பும் அவசியம். கரண்ட் இல்லாவிட்டாலும் ரோட்டர் தன் எடைக்கே சுழன்று விரலைப் பிடித்துவிடும். பட்டறையில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போதைய செட்டில் இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் பாக்கி. அடுத்த செட் வாங்கி, எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தாயிற்று.