'செட்' (said) என்பதற்குப் பின்னால் என்ன வரும்? ஆங்கில இறந்தகால வினைகளோடு நீண்ட நாள் புழக்கம்

ஆங்கிலம் ஓரளவு வந்துவிட்டவர்களும் தடுக்கி விழும் இடம் கடினமான சொல் அல்ல, 'அவன் வரேன்னு சொன்னான்' என்ற மூன்று சொல் வாக்கியம்தான். அதை 'ஹி டோல்டு தட் ஐ ஆம் கமிங்' என்று சொல்பவர்கள் ஏராளம். கேட்பவருக்கு இதில் என்ன புரியும்? வரப்போவது அவன் அல்ல, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் நீங்கள் என்று புரியும். இலக்கணப் பிழை ஒருபுறம் இருக்க, செய்தியே மாறிப்போகிறது.

காரணம் நம்முடைய 'என்று'. அது 'என்' என்ற வினையின் இறந்தகால எச்சம். பேசியவர் சொன்னதை அப்படியே வைத்துவிட்டு, கடைசியில் ஒரு 'என்று' போட்டு மூடிவிடலாம். உள்ளே இருக்கும் 'நான்', 'நாளைக்கு', 'இங்கே' எதையும் தொட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடுகிறது. 'செட்' என்று ஆரம்பித்தவுடன் பின்னால் வருவதெல்லாம் சொல்பவரின் பார்வைக்குள் வந்துவிடும். 'நான்' 'அவன்' ஆகும், 'நாளை' என்பது 'அடுத்த நாள்' ஆகும், 'நடக்கிறது' 'நடந்தது' ஆகும்.

இதற்கு நன்றாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. வாய் திறப்பதற்கு முன் 'என்று' வாக்கியத்தை 'ஆக' வாக்கியமாக்கிக்கொள்ளுங்கள். 'நான் வருகிறேன் என்று சொன்னான்' என்பது 'தான் வருவதாகச் சொன்னான்' ஆகும்போதே 'நான்' தொலைந்துவிடுகிறது. அங்கிருந்து 'ஹி செட் ஹி வாஸ் கமிங்' ஒரு அடி தூரம்தான். 'வந்ததாக' என்றால் 'ஹேட் கம்', 'வருவதாக' என்றால் 'வாஸ் கமிங்' அல்லது 'வுட் கம்'. பத்துக்கு எட்டு வாக்கியங்கள் இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்த சிக்கல், எல்லா வினையும் ஒரே மாதிரி வாலைப் பிடித்துக்கொள்வதில்லை. 'செட்' மிகச் சாது. யாரிடம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. சொல்வதானால் 'டு மி' என்று சேர்க்க வேண்டும். 'டோல்டு' நேர் எதிர். ஆளை உடனே கேட்கும். 'டோல்டு மி', 'டோல்டு ஹர்' என்று ஆள் வந்த பிறகுதான் 'தட்' வரலாம். 'ஹி டோல்டு தட்' என்பது நம் ஊர் ஆங்கிலத்தின் முத்திரையாகவே ஆகிவிட்டது. ஏவலுக்கும் 'டோல்டு'தான்: 'போகச் சொன்னான்' என்பது 'ஹி டோல்டு மி டு கோ'. அந்த இடத்தில் 'தட்' எட்டிப் பார்க்கக் கூடாது.

'எக்ஸ்ப்ளெயின்டு' பொருளில் 'டோல்டு' மாதிரி தெரிந்தாலும் 'செட்' குடும்பம். 'எக்ஸ்ப்ளெயின்டு மி தட்' தவறு, 'எக்ஸ்ப்ளெயின்டு டு மி தட்' சரி. 'வாண்டட்' இந்தக் கூட்டத்திலேயே சேராது. 'அவன் வரணும்னு நினைச்சேன்' என்பதை 'ஐ வாண்டட் தட் ஹி கம்ஸ்' என்று சொல்வது 'என்று' போட்ட பழக்கத்தின் எச்சம். 'ஐ வாண்டட் ஹிம் டு கம்', அவ்வளவுதான். அதனால் வினையின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை; அதன் பின்னால் எது ஒட்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

'சஜெஸ்டட்' தனிக் கதை. 'சஜெஸ்டட் மி டு கோ' என்று எழுதாத அலுவலக மின்னஞ்சல் அபூர்வம். சரியான வடிவம் 'ஹி சஜெஸ்டட் தட் ஐ கோ' அல்லது 'ஐ ஷுட் கோ'. இங்கே 'கோ' இறந்தகாலத்துக்குப் போகாமல் வெறும் வினையாகவே நிற்கும். 'அவள்' என்று வந்தாலும் 'ஷி கோ'தான், 'கோஸ்' இல்லை. 'ரெகமண்டட்', 'டிமாண்டட்', 'ப்ரபோஸ்டு' எல்லாம் இதே வழி. 'இன்சிஸ்டட்' இரட்டை வேடமும் போடும். 'ஹி இன்சிஸ்டட் தட் ஷி வாஸ் தேர்' என்றால் அவள் அங்கே இருந்தாள் என்று அடித்துச் சொன்னான். 'தட் ஷி பி தேர்' என்றால் அவள் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஒரு 'பி' இவ்வளவு செய்கிறது.

இனி காலம். 'வில்' 'வுட்' ஆகும், 'கேன்' 'குட்' ஆகும், 'மே' 'மைட்' ஆகும். ஏற்கெனவே 'வுட்', 'ஷுட்', 'மைட்' என்று இருந்தால் அப்படியே நிற்கும். இதுவரை பள்ளிப் பாடம். பள்ளி சொல்லாதது, ஒவ்வொரு இறந்தகாலத்தையும் 'ஹேட்' போட்டு இன்னும் பின்னுக்குத் தள்ள வேண்டியதில்லை என்பது. சாவியைத் தொலைத்தான் என்றால் 'ஹி செட் ஹி லாஸ்ட் த கீ' போதும். தொலைத்த பிறகுதானே சொல்லியிருப்பான். நிலையைச் சொல்லும் வினைகளில்தான் 'ஹேட்' உழைக்கிறது. 'ஷி செட் ஷி வாஸ் சிக்' என்றால் சொன்னபோதே உடம்பு சரியில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். போன வாரம் சரியில்லாமல் இருந்தது என்றால் 'ஹேட் பீன் சிக்' என்றே சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் 'ஹேட்' போடுபவர்களின் ஆங்கிலம் காவல்நிலைய வாக்குமூலம் மாதிரி ஒலிக்கும்.

இன்றும் உண்மையாக இருப்பதை நிகழ்காலத்திலேயே விடலாம். ஞாயிறன்று கடை மூடியிருக்கும் என்று சொன்னாள், இன்னும் அப்படித்தான் என்றால் 'ஷி செட் த ஷாப் இஸ் க்ளோஸ்ட் ஆன் சண்டேஸ்' பிழையில்லை. இந்தச் சலுகை 'செட்'டுக்கும் 'டோல்டு'க்கும் தாராளமாகக் கிடைக்கும். 'தாட்'டுக்குக் கிடைக்காது. 'டிட்ன்ட் நோ'வுக்கும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நிற்பவரைப் பார்த்து 'நீங்க இங்க இருக்கீங்கன்னு தெரியாது' என்பதை 'ஐ டிட்ன்ட் நோ யு வேர் ஹியர்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆள் இப்போது கண் முன்னால் நிற்கிறாரே, எதற்கு 'வேர்' என்று நமக்கு உறுத்தும். ஆங்கிலக் காதுக்கு 'யு ஆர் ஹியர்'தான் உறுத்தும்.

'தாட்'டில் இன்னொரு உள்குத்து இருக்கிறது. 'ஐ தாட் யு வேர் கமிங்' என்று சொன்னால் வெறும் நினைப்பு அல்ல. நீங்கள் வரவில்லை, என் நினைப்பு பொய்த்தது என்ற குறையும் அதில் கேட்கும். நினைத்தபடியே நடந்திருந்தால் 'ஐ நியூ யு வுட் கம்'. தமிழிலும் 'வருவேன்னு நினைச்சேன்' என்பதைக் குரலை ஏற்றி இறக்கி இரண்டு பக்கமும் ஓட்டலாம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் வினையே பக்கத்தைத் தீர்மானித்துவிடுகிறது. எதிர்மறையில் மட்டும் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். 'வருவான்னு நினைக்கல' என்பது சொல் பிசகாமல் 'ஐ டிட்ன்ட் திங்க் ஹி வுட் கம்'. 'ஹோப்டு' அப்படி விடாது. அங்கே 'ஐ ஹோப்டு ஹி வுட்ன்ட் கம்' என்று மறுப்பு உள்ளேதான் போக வேண்டும்.

'தட்' வேண்டுமா வேண்டாமா? பேச்சில் 'செட்', 'தாட்', 'நியூ' மூன்றும் அதைப் பெரும்பாலும் உதறிவிடும். 'எக்ஸ்ப்ளெயின்டு', 'ரிப்ளைடு' போன்றவை பிடித்து வைத்துக்கொள்ளும். எழுத்தில் ஒரு இடத்தில் மட்டும் விடவே கூடாது: நேரம் குறிக்கும் சொல் நடுவில் வரும்போது. 'ஹி செட் ஆன் மண்டே ஹி வுட் பே' என்றால் திங்கட்கிழமை சொன்னானா, திங்கட்கிழமை பணம் தருவானா? 'தட்'டை 'மண்டே'வுக்கு முன் வைத்தால் தருவது திங்கள், பின் வைத்தால் சொன்னது திங்கள். பணம் கை மாறும் மின்னஞ்சலில் இதைக் கவனிக்காவிட்டால் பஞ்சாயத்துதான். 'தட்'டுக்கு முன்னால் காற்புள்ளி போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அது மேற்கோள் குறிக்குள் வரும் நேர்ப்பேச்சுக்கு உரியது.

கேள்விகளில் 'தட்'டுக்கு இடமே இல்லை. நம் 'வந்தாயா என்று' என்பதன் 'ஆ'தான் ஆங்கிலத்தில் 'இஃப்' அல்லது 'வெதர்'. 'ஹி ஆஸ்க்ட் தட் வெதர்' என்று இரண்டையும் அடுக்குவது 'ஆ'வையும் 'என்று'வையும் தனித்தனியே மொழிபெயர்த்ததன் விளைவு. 'எங்கே', 'எப்போது' என்று வந்தால் அந்தச் சொல்லே இணைத்துவிடும், ஆனால் வரிசை திரும்பி நேராக வேண்டும்: 'ஹி ஆஸ்க்ட் வேர் ஐ வாஸ்'. 'வேர் வாஸ் ஐ' என்றால் கேள்விக்குள் கேள்வி.

நம்மவர்களை அதிகம் காட்டிக்கொடுப்பது 'டவுட்டட்'. தமிழில் 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகப்பட்டேன்' என்பதும் சந்தேகம், 'அவன் எடுத்திருப்பானான்னு சந்தேகமா இருந்தது' என்பதும் சந்தேகம். ஆங்கிலத்தில் முதலாவது 'சஸ்பெக்டட்', இரண்டாவது 'டவுட்டட்'. 'ஐ டவுட்டட் தட் ஹி டுக் இட்' என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று நீங்கள் அவனுக்கு நற்சான்று கொடுக்கிறீர்கள். திருட்டுப் புகாரில் இப்படி எழுதிவிட்டால் தலைகீழ்.

கடைசியாக 'வொண்டர்ட்'. 'ஐ வொண்டர்ட் இஃப் யு குட் ஹெல்ப்' என்பதில் இறந்தகாலம் எதுவும் இறக்கவில்லை. உதவி இப்போதே வேண்டும். பழைய நினைப்பு போல ஒதுக்கி வைப்பதால், மறுப்பவருக்குச் சங்கடம் குறைகிறது. நாம் 'கொஞ்சம் உதவ முடியுமான்னு கேக்கலாம்னுதான் வந்தேன்' என்று இழுப்போமே, அதே சங்கதி. இதற்கு 'நேற்று வியந்தேன்' என்று பொருள் எடுத்துக்கொண்டு பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள், அவர் காத்திருப்பார்.