ப்ரீதர் வழியே ஆயில்: எந்தச் சோதனையை நம்பலாம், எந்த வால்வைப் போடலாம்?

பைக் எஞ்சினுக்கு அடியில் ஆயில் சொட்டினால் பலரும் முதலில் கேஸ்கெட் செட்டைத்தான் தேடுகிறார்கள். பழைய பாணி புஷ்ராட் எஞ்சினில் (கேம்ஷாஃப்ட் கீழே இருந்து, நீண்ட தண்டுகள் வால்வுகளை இயக்கும் ரகம்) அது பல சமயம் வீண் செலவு. ஆயில் கசியும் இடம் ஒன்று, அதை அங்கே தள்ளிவிடும் காரணம் இன்னொன்று. தள்ளுவது பெரும்பாலும் கிரான்க்கேஸுக்குள், அதாவது கிரான்க் சுழலும் எஞ்சினின் கீழ்ப்பெட்டிக்குள், அடைபட்ட காற்று. அது வெளியேற வைத்திருக்கும் வாசல்தான் ப்ரீதர்.

500 சிசி சிங்கிளில், அதாவது ஒற்றை சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன் ஒருமுறை இறங்கும்போது அரை லிட்டர் காற்றைக் கிரான்க்கேஸில் நெருக்குகிறது. ஏறும்போது அதே அளவு இடத்தைக் காலி செய்கிறது. 3000 ஆர்பிஎம்மில் இது விநாடிக்கு 50 தடவை. 360 டிகிரி பேரலல் ட்வினிலும் (இரட்டை சிலிண்டர்) இதே நிலைமைதான், இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. 180 டிகிரி ட்வினில் ஒன்று ஏற மற்றது இறங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. இவை போய் வரும் காற்று. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் எரிந்த வாயு, அதாவது ப்ளோ-பை, வேறு ரகம்: அது உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போயே ஆக வேண்டும். ப்ரீதரில் ஆயில் வந்தால், காற்று கூடிவிட்டதா, ஆயில் கூடிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு விடை தெரியாமல் வால்வு வாங்குவது இருட்டில் கல்லெறிவதுதான்.

நான்கு சோதனைகள்

பவுடர் சோதனை எளிமையானது. எஞ்சினை டிகிரீசர் போட்டுக் கழுவி, காய வைத்து, டால்கம் பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஈரக் கோடு தெரியும். கேஸ்கெட் கசிவா, ப்ரீதர் கசிவா என்று பிரித்துக் காட்டும். ஆனால் வேகத்தில் காற்று ஆயிலைப் பின்பக்கம் இழுத்துப் பூசிவிடும், எஞ்சின் உச்சியிலுள்ள ராக்கர் கவரில் கசிவது கிரான்க்கேஸில் கசிவது போலத் தெரியும். அதனால் முதல் ஓட்டம் மெதுவாகவும் குறைந்த தூரமாகவும் இருக்கட்டும். இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அவ்வளவுதான் இதன் எல்லை.

கம்ப்ரஷன் டெஸ்ட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜ் முள் ஏறாமல் நிற்கும்வரை உதைப்பது, பிறகு பிளக் ஓட்டை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைப்பது. இரண்டாவது தடவை நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இந்த வேலைக்கு இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உதைக்கும் வேகத்துக்கு ஏற்ப முள் மாறும். ஆட்டோ டீகம்ப்ரசர் (உதைக்க எளிதாக அழுத்தத்தைத் தானே குறைக்கும் அமைப்பு) உள்ள எஞ்சினில் நல்ல ரிங்குக்கும் குறைவாகவே காட்டும்.

லீக்-டவுன் டெஸ்ட் இதைவிட ஒரு படி மேல். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியே காற்றழுத்தம் கொடுத்து, எத்தனை சதவீதம் தப்பிக்கிறது என்று பார்ப்பது. டாப் கியரில் போட்டு பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் சட்டென்று சுற்றிவிடும். சூடான எஞ்சினில் சுமார் 10 சதவீதம் என்றால் கவலை இல்லை. 25, 30 என்று போனால் கவனிக்க வேண்டிய விஷயம். எண்ணைவிடக் காதுதான் இங்கே முக்கியம். 'உஸ்' என்ற சத்தம் சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு, ப்ரீதர் ஹோஸில் கேட்டால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ. கம்ப்ரஸரும் இரண்டு கேஜும் தேவைப்படுவதுதான் குறை.

காசே செலவில்லாத நான்காவது வழிக்குத்தான் என் ஓட்டு. ப்ரீதரின் முனையில் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸை மாட்டி, வாய் மூடாத ஒரு பாட்டிலில் விட்டு, பாட்டிலை ஃபிரேமில் கட்டுங்கள். ஹோஸ் முனை பாட்டிலில் சேரும் ஆயிலுக்குள் முங்கக் கூடாது. இப்போது ஆயில் எப்போது வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

சில வாரம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடத்தில் குபுக்கென்று கொட்டி, பிறகு அடங்கிவிட்டால் அது வெட் சம்பிங். டிரை சம்ப் எஞ்சினில், அதாவது ஆயிலைத் தனி டேங்கில் வைத்திருக்கும் எஞ்சினில், டேங்க் ஆயில், பம்ப்பையும் செக் வால்வையும் தாண்டி மெல்ல கிரான்க்கேஸுக்கு இறங்கிவிடுகிறது. ரிங்கைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. இந்த நிலையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து "ஆயில் குறைந்துவிட்டதே" என்று ஊற்றுபவர்கள்தான் அதிகம். ஊற்றியதெல்லாம் அடுத்த நாள் பாட்டிலில் இருக்கும். சம்ப் பிளக்கைக் கழற்றி வடித்து அளந்தால் சந்தேகம் தீரும். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் டேங்குக்குத் திரும்பிய பிறகு பார்க்கும் அளவே உண்மையான அளவு.

சூடான பிறகும், வேகம் கூடக் கூட ஆயிலும் புகையும் தொடர்ந்து வந்தால் ப்ளோ-பை. லீக்-டவுனுக்குப் போக வேண்டிய கேஸ் இதுதான். பாட்டிலில் பாலாடை போலத் தேங்கினால் ஈரம்: குறுகிய தூர ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் நீராவி ஆயிலோடு கலந்திருக்கிறது. ஆயில் மட்டம் தானாக ஏறி, தண்ணீராக இளகி, பெட்ரோல் வாடை அடித்தால் கார்ப்பரேட்டரில் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் நீடில் அடைக்கவில்லை. அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது, நீடிலைச் சரி செய்து ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மறு பேச்சு.

வால்வா, கேனா, திறந்த குழாயா

தயாரிப்பாளர்களே இதில் ஒரே வழியில் நின்றதில்லை. டிரையம்ப் 650 ட்வின்களில் இன்லெட் கேம்ஷாஃப்ட் சுழற்றும் தட்டு வால்வு இருந்தது. 1970 மாடலில் அதை விட்டுவிட்டு, கிரான்க்கேஸிலிருந்து பிரைமரி செயின் கேஸுக்குச் சிறு துளைகள் போட்டு, அங்கிருந்து பெரிய குழாய் வழியே மூச்சு விட வைத்தார்கள்.

வெறும் திறந்த குழாயில் கெட்டுப்போக எதுவும் இல்லை. ஆனால் வெளியேறிய காற்று தூசியோடும் ஈரத்தோடும் திரும்ப உள்ளே வருகிறது. ஒருவழி வால்வு போட்டால் போன காற்று திரும்பாது, கிரான்க்கேஸின் சராசரி அழுத்தம் வெளிக்காற்றை விடக் கீழே இறங்கும். நல்ல ரிங் உள்ள எஞ்சினில் கேஸ்கெட் ஓரத்துச் சிறு கசிவுகள் இதிலேயே நின்றுவிடுவதுண்டு. ரிங் தேய்ந்த எஞ்சினில் வால்வு எதையும் தீர்க்காது.

ஒருவழி வால்வில் வாத்து அலகு போன்ற ரப்பர் உதடு கொண்ட டக்பில்லா, மெல்லிய தகடு கொண்ட ரீட் வால்வா? டக்பில் மலிவு, மாற்றுவது சுலபம். ஆனால் சூட்டிலும் ஆயிலிலும் ரப்பர் இறுகி உதடு ஒட்டிக்கொள்ளும், அல்லது கிழியும். ஒட்டிக்கொண்டால் அழுத்தம் ஆயில் சீல்களைத் தேடிப் போகும், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். கழற்றித் துடைத்து எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. ரீட் வால்வின் மெல்லிய தகடு வேகமாகத் திறந்து மூடும், நீண்ட நாள் உழைக்கும். எதைப் போட்டாலும் கிரான்க்கேஸுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். இடையில் நீளமான ஹோஸ் இருந்தால் அதிலுள்ள காற்றே அமுங்கி விரிந்து வால்வின் வேலையைக் கெடுத்துவிடும். தேர்வு என்னுடையதென்றால் ரீட் வால்வுதான். டக்பில் ஏற்கெனவே இருந்தால் புதிது மாற்றினாலே போதும்.

ப்ரீதரில் வரும் ஆயிலைப் பிடிக்கும் கேட்ச் கேன் வைத்தால் தரை சுத்தமாக இருக்கும், காரணம் அப்படியேதான் இருக்கும். கேனையும் ஏதாவது ஒரு வழியில் வெளிக்காற்றோடு இணைத்தே ஆக வேண்டும், மூடிய கேன் ப்ரீதரை அடைத்ததற்குச் சமம். ஹோஸ் எஞ்சினிலிருந்து முதலில் மேல்நோக்கி ஏறட்டும், ஆயில் துளிகள் வழியிலேயே திரும்பி இறங்கும். நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே தண்ணீர் தேங்கி அடைக்கும். திறந்த முனையைப் பின் டயர் பக்கம் விடவே கூடாது.

ப்ரீதரை ஏர் பாக்ஸில் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) இணைத்த வண்டிகளில் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தால், பெரும்பாலும் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள். வண்டியை நேராக நிறுத்தி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து மட்டம் பாருங்கள், சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியில் பார்க்கும் மட்டம் பொய் சொல்லும். கூடுதலை வடித்துவிட்டு, ஏர் பாக்ஸின் அடியில் இருக்கும் வடிகுழாயையும் காலி செய்து ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஃபில்டர் நனைந்தால் மட்டும் லீக்-டவுன் கேஜைக் கையில் எடுக்கலாம்.