ப்யூர் டேட்டா: மின்னிசை மாணவர்களுக்கு ஏற்ற மென்பொருளா?

கணினியில் ஒலியை உருவாக்க உதவும் ப்யூர் டேட்டா மென்பொருளில் புதிய கோப்பு ஒன்றைத் திறந்தால் வெள்ளைச் சாளரம் மட்டுமே கண்ணில் படும். பியானோக் கட்டைகளோ, ஒலித்தட வரிசையோ, ஆயத்த ஒலிகளோ கிடையா. மின்னிசையைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் படிப்பவருக்கு இந்த வெறுமைதான் இதன் முதல் தகுதி என்பது, சில ஆண்டுகளாக இதைப் பயன்படுத்திவரும் என் கருத்து. அடுத்த வாரத்துக்குள் ஒரு பாட்டைப் பதிவு செய்து முடிக்க வேண்டியவர் வேறு மென்பொருளை நாடுவதே நல்லது.

பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் 1980களில் மேக்ஸ் என்ற இசை நிரலை எழுதிய மில்லர் பக்கெட், பின்னர் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1990களில் ப்யூர் டேட்டாவை உருவாக்கினார். மேக்ஸ் இன்று விலை கொடுத்து வாங்க வேண்டிய வணிக மென்பொருள்; ப்யூர் டேட்டாவோ இலவசம், அதன் மூலநிரலையும் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

சிறு பெட்டிகளில் ஆங்கில எழுத்தில் பெயர்களைத் தட்டச்சு செய்து, அவற்றைக் கோடுகளால் இணைப்பதே இதில் நாம் செய்யும் வேலை. ஒலியலையை உருவாக்கும் 'ஆஸ்க்~ 440' (osc~ 440) என்ற பெட்டியிலிருந்து, அதை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் 'டாக்~' (dac~) பெட்டிக்குக் கோடு இழுத்தால் 440 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கும். (ஒலியளவைக் குறைக்க நடுவில் 0.1-ஆல் பெருக்கும் பெட்டியை வைக்க மறந்து, ஹெட்போனைப் பிடுங்கி எறிந்த நாள் எனக்கு உண்டு.) பக்கத்திலேயே 442 ஹெர்ட்ஸில் இன்னொன்றைச் சேர்த்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும்; தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது காது கவனிக்கும் அந்த அலைவை இங்கே எண்ணாகவே பிடித்துவிடலாம். எந்தப் பெட்டி புரியவில்லையோ அதன்மேல் வலச்சொடுக்கினால் திறக்கும் உதவிப் பக்கமும் இயங்கும் நிரலாகவே இருப்பதால், அதிலிருந்து வேண்டியதை வெட்டி நம் கோப்பில் ஒட்டிக்கொள்ளலாம். இத்தனை நல்ல உதவிப் பக்கங்களை விலையுள்ள மென்பொருள்களிலும் நான் அதிகம் கண்டதில்லை.

குறைகளில் பெரியது, வரிசை கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. ஒரு பெட்டியின் ஒரே வாயிலிலிருந்து இரண்டு கோடுகள் பிரிந்தால் எதற்குச் செய்தி முதலில் போகும் என்பதை, மேக்ஸ் திரையில் பெட்டிகள் இருக்கும் இடத்தை வைத்து, வலமிருந்து இடமாக முடிவு செய்கிறது; ப்யூர் டேட்டாவோ எந்தக் கோட்டை முதலில் இழுத்தோம் என்பதை வைத்து முடிவு செய்கிறது. ஆகவே பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரு கோப்புகள் வெவ்வேறு விதமாக ஒலிக்கக்கூடும். கோடு பிரியும் இடந்தோறும், செய்திகள் போகும் வரிசையை வெளிப்படையாக நிர்ணயிக்கும் 'டிரிகர்' (trigger) பெட்டி வைக்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே ஊட்டிவிட வேண்டும்.

இன்னொன்று நுட்பமானது. ஒலியை 64 மாதிரிகள் (ஒலியலையின் அளவைக் கணந்தோறும் குறிக்கும் எண்கள்) கொண்ட கட்டுகளாகவே இது கணக்கிடுகிறது. ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சுழலவிடும் தாமதச் சுற்று ஒரு கட்டைவிடக் குறுகாது; அப்படிச் சுற்று ஒன்றை அமைத்து மீட்டிய தந்தியின் ஒலியை உருவாக்க முயல்பவருக்கு, நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், சுமார் 689 ஹெர்ட்ஸுக்கு மேல் சுருதி ஏறவே ஏறாது. உள்கோப்பு ஒன்றில் 'பிளாக்~' (block~) பெட்டியால் கட்டின் அளவைக் குறைத்தால் ஏறும். கணினியின் சுமையும் உடன் ஏறும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ள எனக்குள்ள காரணம் கோப்புகளின் ஆயுள். இசையமைப்பாளர் பிலிப் மனூரி 1987-இல் புல்லாங்குழலுக்கும் இர்காமின் 4எக்ஸ் என்ற ஒலிக்கணிப்பு இயந்திரத்துக்குமாக 'ஜூபிடர்' என்ற படைப்பை எழுதினார். அந்த இயந்திரம் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் மின்னணுப் பகுதி ப்யூர் டேட்டாவுக்கு மாற்றப்பட்டிருப்பதால், தேர்ந்த குழல் கலைஞர் ஒருவரும் சாதாரண மடிக்கணினியும் இருந்தால் மாணவர்களே அதை மேடையேற்ற முயலலாம்.

ப்யூர் டேட்டா இலவசம் என்பதால், மென்பொருளுக்கு ஒதுக்கிய தொகை இசைத் துறையின் கையில் மிஞ்சும். அதில் தரமான மைக்குகளையும் நான்கு ஒலிபெருக்கிகளையும் வாங்கிப் போடலாம்.