பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: விடுவதா, மூடுவதா, கழற்றுவதா?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் சமையலறையை ஒட்டி ஒரு சாய்ப்பு. 1990களில் அப்பா போட்ட எட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மேலே கருகருவென்று பாசி, ஒரு ஷீட்டில் தேங்காய் விழுந்த ஓட்டை, மழை வந்தால் அதற்குக் கீழே ஒரு குண்டான். ஒழுகிய தண்ணீர் சுவரில் ஓதமாக இறங்கி, அரிசி டிரம் இருக்கும் மூலையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பருவமழைக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பெயிண்ட் அடி என்றார் ஒருவர். மேலேயே கலர் ஷீட் போட்டு மூடு என்றார் வெல்டிங் பட்டறைக்காரர். எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளு என்றார் மேஸ்திரி.

ஆஸ்பெஸ்டாஸுக்குக் கல்நார் என்ற தமிழ்ப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது, கல்லிலிருந்து வரும் நார். இந்த ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார் இழை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005லும் முழுவதும் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து ஷீட் செய்து விற்பதற்கு இன்னும் தடை இல்லை.

ஆனால் தலைக்கு மேல் சும்மா கிடக்கிற முழு ஷீட் பெரிய எதிரி அல்ல. இழை சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியாத தூசாகக் கிளம்பி மூச்சில் போகும். நான் மூன்று வழிகளையும் இந்த ஒரே தராசில்தான் நிறுத்துப் பார்த்தேன்: எதில் தூசு குறைவு?

பெயிண்ட்தான் மூன்றிலும் மலிவு. வெள்ளைக் கூலிங் பெயிண்ட் என்றால் வெயிலும் கொஞ்சம் தணியும். சிக்கல் பெயிண்டில் இல்லை, அதற்கு முன்னால் பாசியைச் சுரண்டுவதில் இருக்கிறது. பெயிண்டர் வந்ததுமே கம்பி பிரஷ்ஷைத்தான் எடுத்தார். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினும் கூடாது, அது மேல்தோலையே பெயர்த்துவிடும். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, பாசி செத்த பிறகு பூவாளியால் நனைத்து, ஈரத்துணியால் ஒத்தி எடுக்கலாம். நேரம் பிடிக்கும். இதற்கெல்லாம் ஷீட்மேல் ஏறக் கூடாது. பழைய ஷீட் ஆள் கனத்தைத் தாங்காது, ஏணியும் பலகையும் வேண்டும். விரிசல் விட்ட ஷீட்டுக்குப் பெயிண்ட் எந்த வகையிலும் உதவாது.

மேலே கலர் ஷீட் போட்டு மூடுவது கேட்க நன்றாகத்தான் இருக்கும். பட்டறைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டியபோது நானும் மயங்கினேன். அப்புறம்தான் கேட்டேன், "ஸ்க்ரூ எதுல இறங்கும்?" "பழைய ஷீட்ட துளைச்சு ஆங்கிள்ல இறக்கிடுவோம் சார்." எட்டு ஷீட்டுக்கும் துளை! அத்தனை துளைத் தூசும் கீழே அடுப்பு மேலே கொட்டும். ஷீட்டைத் தாங்கும் துருப்பிடித்த பழைய இரும்பு ஆங்கிளுக்கு இரட்டைப் பாரம் வேறு. இந்த வழியை அங்கேயே விட்டுவிட்டேன்.

மங்களூர் ஓடு போடலாமே என்றார் சித்தப்பா. ஓட்டுக்கு நல்ல சரிவு வேண்டும், எங்கள் சாய்ப்பில் அது இல்லை. எங்கள் தெருக் குரங்குகளைப் பற்றி அவருக்குத் தெரியாது.

கழற்றுவதுதான் உருப்படியான தீர்வு, ஒழுங்காகக் கழற்றினால். போன வருஷம் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கட்டிங் மெஷின் வைத்து ஷீட்டை அறுத்தார்கள். துளசி மாடம், கொடியில் காய்ந்த துணி, எல்லாவற்றிலும் சாம்பல் நிற மாவு. அறுத்தவர் முகத்தில் கைக்குட்டை மட்டும். எங்கள் மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். "முப்பது வருஷமா அறுக்கிறேன் சார், எனக்கு என்ன ஆச்சு?" என்றார். கல்நார் நோய் தலைகாட்டவே இருபது, முப்பது, சில பேருக்கு நாற்பது வருஷம்கூட ஆகும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சரியான முறை இது: சோப்புக் கலந்த தண்ணீரால் ஷீட்டை நன்றாக நனைக்க வேண்டும். ஷீட்டை ஆங்கிளோடு பிடித்திருக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட் துருப்பிடித்துக் கழன்று வராது. சுத்தியலால் தட்டாமல், கிரைண்டர் போடாமல், போல்ட் கட்டரால் கம்பியை வெட்ட வேண்டும். முழு ஷீட்டாகவே கையில் வாங்கிக் கீழே இறக்க வேண்டும், வீசக் கூடாது. கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்ட வேண்டும். கீழே விழுந்த தூசை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாதாரண துணி மாஸ்க் இதற்குப் பத்தாது. மிக நுண்ணிய தூசையும் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட ரப்பர் மாஸ்க் வேண்டும்.

மாற்றுக்கு என்ன போடுவது? தகர ஷீட்டில் மழைச் சத்தம் காதைப் பிளக்கும், வெயிலுக்குச் சூடும் சீக்கிரம் ஏறும். ஆனால் கல்நார் இல்லை. கடையில் "இது ஆஸ்பெஸ்டாஸ் இல்ல சார், சிமெண்ட் ஷீட்" என்று ஒன்றைக் காட்டினார்கள். சிமெண்ட் ஷீட் என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் அதே சரக்குதான். கல்நார் சேராதது என்று ஷீட்டிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த வகையிலும் அதே வளைவு அளவில் கிடைக்கிறது.

நான் கடைசியில் கலந்துகட்டிச் செய்தேன். ஓட்டை ஷீட் ஒன்றை மட்டும் நனைத்து இறக்கி, கல்நார் சேராத ஷீட்டை அந்த இடத்தில் போட்டேன். மீதி ஏழும் முழுசாக இருந்ததால் பெயிண்டோடு நிற்கின்றன. உங்கள் ஷீட்டின் விளிம்பு பஞ்சுபோல் பிரிய ஆரம்பித்திருந்தால் என் வழி ஆகாது, எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

இறக்கிய ஷீட்டைக் குப்பை வண்டி எடுக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் போல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். கோழிக்கூட்டுக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. இரண்டு மடிப்பு பிளாஸ்டிக்கில் சுற்றிய மூட்டை கிணற்றடியில் சாய்ந்து நிற்கிறது. "இது எப்பப்பா போகும்?" என்று வாரம் ஒருமுறை அம்மா கேட்கிறாள்.